நிற்க வைத்த வளையம்

எங்கள் தெருவில் காலையில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. வேன்காரம்மா வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால் அடுப்பில் பால் பொங்கியிருக்க வேண்டும், குளித்தவர்கள் தலை துவட்ட வேண்டும், குளிக்காதவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். பொம்பளை பள்ளிக்கூட வேன் ஓட்டுவதா என்று ஒரு காலத்தில் முகம் சுளித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது அதில் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். அறுபதைத் தாண்டியும் வேன்காரம்மா முதுகு வளையாமல் உட்கார்ந்து ஓட்டுவார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் வறுத்த வேர்க்கடலை இருக்கும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கை அந்த டப்பாவுக்குள் போகும். குழந்தைகளுக்கு மிட்டாய் உண்டு, கடலை மட்டும் கிடையாது. பெற்ற மகனுக்கே அந்த டப்பாவில் பங்கு கிடைத்ததில்லை.

அவருடைய மருமகளும் நானும் ஒரே ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறோம். அவள் வெட்டுகிறாள், நான் டைப் அடிக்கிறேன். எங்கள் லேபுக்கு நோயாளிகள் வருவதில்லை, அவர்களிடமிருந்து எடுத்த துண்டுகள்தான் சின்னச் சின்ன பாட்டில்களில் வரும். இந்த ஊரில் பாதிப் பேரின் குடலும் தோலும் எனக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. கெடாமல் இருக்கப் பார்மலினில் ஊறிய துண்டை உருக்கிய மெழுகில் வைத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை இயந்திரத்தில் பூட்டி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஏடு ஏடாகச் சீவுவார்கள். அந்த ஏடு தலைமுடியைவிட மெல்லிசு. பக்கத்தில் யாராவது தும்மினால் பறந்துவிடும் என்பதால் வெயில் கொளுத்தும் நாளிலும் அந்த அறையில் மின்விசிறி ஓடாது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தியெடுத்துச் சாயம் ஏற்றினால்தான் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்ல முடியும்.

மருமகள் வெட்டினால் அந்த நாடா அறாது. அதனால் அவள் பெயரே ரிப்பன் ஆகிவிட்டது. அடுத்த மேஜைக்காரன் பெயர் எக்ஸ்பிரஸ். அவன் சக்கரம் சுற்றினால் சுவருக்கு இந்தப் பக்கம் என் டீ டம்ளர் ஆடும். அவன் ஸ்லைடில் குறை கண்டுபிடித்தவர்கள் யாரும் இல்லை, ரிப்பனைத் தவிர. அவன் வெட்டுவது ஸ்லைடுக்கா சாலட்டுக்கா என்று அவன் காதுபடவே கேட்பாள். அவனும் சளைத்தவன் இல்லை. அக்கா ஒரு கட்டி வெட்டி முடிப்பதற்குள் நோயாளிக்கே நோய் குணமாகிவிடும் என்பான். பல வருஷமாக இரண்டு பேரும் இப்படித்தான் முட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் அதில் பொழுது போகும்.

அந்த வருஷம் மழை நின்ற கையோடு வேன்காரம்மாவுக்குத் தலைவலி வந்தது. ஒரு பக்க நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. சீப்பு பட்டாலே கத்தினார். பிறகு சாப்பாட்டிலும் கோளாறு தெரிந்தது. ரொட்டியை டீயில் நனைத்துத்தான் தின்றார். இரண்டு வாய் மென்றதும் தாடை கடுத்துப்போய்த் தட்டைத் தள்ளிவிடுவார். பல்லைக் காட்டச் சொன்னால், என் பல்லுக்கு என்ன கேடு என்று சண்டைக்கு வந்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அவர் மகன் பேச்சைக் குறைத்துக்கொண்டு சோற்றைக் குழையக் குழைய வடிக்க ஆரம்பித்தான். கடலை டப்பா நிறைந்தபடியே கிடந்து நமுத்துப்போனதை முதலில் கவனித்தது ரிப்பன்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கெஞ்சினாள். பரீட்சை நேரத்தில் வேனை நிறுத்த முடியாது என்று மாமியார் மறுத்துவிட்டார்.

ஒரு நாள் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருக்கையில் அவருடைய ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கியது. வேறொருவராக இருந்தால் அலறியிருப்பார்கள். வேன்காரம்மா வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயரில் காற்று இறங்கிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லி, வேறொரு வேன்காரரைக் கூப்பிட்டு அத்தனை பேரையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் மருமகளுக்குப் போன் செய்தார். அதற்குள் திரை விலகிப் பார்வை திரும்பியிருந்தது. ரிப்பன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் சாலையோரம் நின்று, கெட்டுப்போகாத டயரை வெறித்துக்கொண்டிருந்தாராம்.

ஆஸ்பத்திரி டாக்டர் நெற்றிப்பொட்டைத் தடவிப் பார்த்ததும் முகம் மாறினார். அங்கே ஓடும் ரத்தக்குழாய் கயிறு போல் தடித்துக் கிடந்தது. குழாயின் சுவரில் அழற்சி, அது வீங்கி உள்வழி அடைபட்டுக்கொண்டு வருகிறது, கண்ணுக்குப் போகிற குழாயும் அடைத்துவிட்டால் போன பார்வை திரும்பாது என்றார். அந்த நிமிஷமே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆனால் வேன்காரம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. மாத்திரை உள்ளே போனதும் அது எகிறியது. இவ்வளவு பெரிய டோஸை மாதக்கணக்கில் ஊகத்தில் கொடுக்க முடியாது, குழாயில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம், அதில் நோய் தெரிந்தால் சர்க்கரையை எப்படியாவது சமாளித்துக்கொண்டு மாத்திரையைத் தொடரலாம், தெரியாவிட்டால் குறைத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். நோய் இருந்தும் துண்டில் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று ரிப்பன் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

துண்டு எடுத்த அன்று வேன்காரம்மா தலைக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து என்னிடமும் மருமகளிடமும் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நீதானே வெட்டுவே?"

"வேற ஒருத்தர் அத்தை. சொந்தக்காரங்களோடத நாங்க தொடக்கூடாது."

"ஏன், உன் கைக்கு என்ன? ஊருக்கெல்லாம் வெட்டற கை எனக்கு வெட்டாதா?"

"அது லேப்ல பழக்கம்."

"என் வண்டியை நான் இன்னொருத்தர்கிட்ட குடுத்ததே இல்ல. நீ மாமியாரையே குடுத்துட்டு வர்றே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணு போச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வேன்ல பின்னாடி உக்காந்து போற ஆளா மட்டும் என்னை ஆக்கிடாதீங்க."

எங்கள் லேபில் அந்தப் பழக்கம் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. பாசம் உள்ள கை ஒன்று பதறும், இல்லை தயங்கும், இரண்டும் பிளேடுக்கு ஆகாது என்பது டாக்டரம்மாவின் கருத்து. அதனால் சொந்தக்காரர் துண்டு வந்தால் பேசாமல் அடுத்த மேஜைக்கு நகர்த்திவிடுவார்கள். அடுத்த மேஜை என்றால் எக்ஸ்பிரஸ். ரிப்பனுக்குப் பொறுக்காதது அதுதான். வழியெல்லாம் அவள் என்னிடம் புலம்பிக்கொண்டே வந்தாள். தீக்குச்சி கனம்கூட இல்லாத குழாய், அதைக் குட்டிக் குட்டி வளையங்களாக நறுக்கி ஒவ்வொன்றையும் மெழுகில் நிற்க வைக்க வேண்டும், நின்றால்தான் வெட்டும்போது முழு வட்டம் கிடைக்கும், வட்டம் கிடைத்தால்தான் சுவர் முழுதும் தெரியும், அந்த அவசரக்குடுக்கைக்கு இந்தப் பொறுமையெல்லாம் ஏது என்று திட்டித் தீர்த்தாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். எதிர்த்துப் பேசினால் எனக்கும் விழும்.

மறுநாள் நான் லேபுக்குள் நுழைந்தபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். மெழுகு இயந்திரத்துப் பக்கம் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நகத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் தன் மேஜைக்குப் போய்விட்டாள். வேலை அதிகம்போல என்று நானும் விட்டுவிட்டேன்.

எக்ஸ்பிரஸ் வந்தான். குளிர்ந்து இறுகியிருந்த கட்டிகளைத் தட்டில் அடுக்கினான். வேன்காரம்மாவுடையதை எடுத்தவன் நெற்றியைச் சுருக்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அவன் ஒரே பொருளை இரண்டு முறை பார்த்து நான் கண்டதே இல்லை. அதனால் நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். மெழுகுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் வட்டமாக இல்லை. கோடாகக் கிடந்தது.

"இது யார் வெச்சது?" என்று பொதுவாகக் கேட்டான்.

அவன் மேஜைக்குப் போக வேண்டிய துண்டை அவன் வருவதற்கு முன் மெழுகில் வைத்தது யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. என் பார்வை தானாக அந்த நகத்துக்குப் போனது.

"நான்தான்," என்றாள் ரிப்பன்.

லேபில் நேற்றுச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தப்பு அது. மற்றவற்றையெல்லாம் அழகாக நிற்க வைத்தவள், கடைசித் துண்டு சாய்ந்ததைக்கூடக் கவனிக்காமல் மெழுகை ஊற்றியிருக்கிறாள். எத்தனையோ வருஷத்துச் சாலட் கேலிக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க எக்ஸ்பிரஸுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அவன் வாயைத் திறக்கப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். எனக்கே ரிப்பன்மேல் கோபம்தான். ஆனாலும் அவன் கேலி செய்தால் அவனை ஏதாவது சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கட்டியைத் திரும்ப உருக வைத்தான். மெழுகு இளகியதும் இடுக்கியின் முனையைச் சூடுபடுத்தி, அந்த ஒற்றைத் துண்டை மெல்லப் பிடித்து நிமிர்த்தினான். மெழுகு இறுகும்வரை இடுக்கியை எடுக்கவில்லை. மூச்சையும் விட்டதாகத் தெரியவில்லை. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"கை நடுங்கினதுல தப்பில்லக்கா. எங்கம்மாவோடதா இருந்தா எனக்கும் நடுங்கும். ஆனா இனிமே நீங்க இங்க நிக்கக்கூடாது. டைப்பக்கா ரூமுக்குப் போங்க."

அவள் போனாள். யாரும் அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் அப்படிப் பேசாமல் போயும் நான் பார்த்ததில்லை.

முதல் ஸ்லைடுகள் சாயம் ஏறி டாக்டரம்மாவிடம் போயின. உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு அவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். இந்த நோயையே வருஷக்கணக்காக ஆராய்கிறவர் அவர். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் ஏன் சொந்த வீட்டுச் சுவரையே இடிக்கின்றன என்பதுதான் அவருக்கு வாழ்நாள் கேள்வி. அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

"எல்லா வளையமும் சுத்தமா இருக்கும்மா, நோய் தெரியல," என்றார் ரிப்பனிடம்.

அவள் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா அவசரமில்லாமல் தொடர்ந்தார். இந்த நோய் தாவித் தாவிப் போகும், ஓரிடத்தில் சுவர் நன்றாக இருக்கும், தலைமுடி அளவு தள்ளிப் போனால் நாசமாகிக் கிடக்கும், அதனால் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட இன்னும் நேரமிருக்கிறது, இன்னும் ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன், மெழுகில் துண்டு தீரும்வரை வெட்டுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் நடந்ததெல்லாம் எங்களுக்குச் சத்தமாக மட்டும்தான் வந்து சேர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் சக்கரம் சுற்ற ஆரம்பித்தான். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். வழக்கமான கடகடப்பு இல்லை. ஒரு சுற்று, நிறுத்தம். அடுத்த சுற்று, நிறுத்தம். நிறுத்தத்தில் அவன் ஏட்டைத் தூரிகையால் பிடித்துத் தண்ணீரில் விடுகிறான் என்று கண்ணை மூடியபடியே ரிப்பன் சொன்னாள். அவன் மாற்றிய பிளேடு புதிது என்றாள். இப்போது கட்டியின்மேல் ஐஸ் வைத்திருக்கிறான், மெழுகு இளகினால் ஏடு சுருங்கும் என்றாள். பார்க்காமலே அவன் கையை அவள் பின்தொடர்ந்தாள். என் மேஜையில் டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. டம்ளர் ஆடவே இல்லை.

"இவ்வளவு மெதுவா இவனுக்குச் சுத்தத் தெரியும்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

"நீ எப்பவாவது பாத்திருக்கியா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனால் மனசில் பட்டது வந்துவிட்டது.

அவள் சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அறுபடாம வருது," என்றாள். நாடாவைச் சொன்னாள். நெசவாளி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் தெரிவதுபோல அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

வெயில் சாயும் நேரத்தில் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். எக்ஸ்பிரஸ் ஏற்கெனவே அங்கே சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை முதுகு நனைந்திருந்தது. டாக்டரம்மா எழுந்து தன் நாற்காலியை ரிப்பனுக்குக் கொடுத்தார். அவள் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கத் தயங்கினாள், பிறகு குனிந்தாள். அவளுக்குப் பிறகு நானும் பார்த்தேன். எனக்கு அந்தப் படிப்பு இல்லை, ஆனால் இதற்குப் படிப்பே தேவையில்லை. இளஞ்சிவப்பில் ஒரு வளையம். மற்ற வளையங்களில் நடுவே வழி தாராளமாக இருந்தது. இதில் சுவர் வீங்கி வீங்கி, வழி ஒரு கீறலாகச் சிறுத்திருந்தது. சுவர் முழுக்க நீலப் புள்ளிகள் மொய்த்தன. நடுநடுவே பல கருக்கள் சேர்ந்த பெரிய பெரிய அணுக்கள் உட்கார்ந்திருந்தன.

"எந்தத் துண்டு டாக்டர்?" என்று ரிப்பன் கேட்டாள்.

"ஓரத்துல இருக்கறது. அது ஒண்ணுலதான் இருக்கு. அதுலயும் ஆழத்துல. முழு வட்டமா வந்ததால பிழைச்சோம். ரொம்ப நல்ல வெட்டு."

அது எந்தத் துண்டு என்று எனக்குத் தெரியும், ரிப்பனுக்குத் தெரியும், அதை நிமிர்த்தியவனுக்கும் தெரியும். கோடாகவே கிடந்திருந்தால் சுவரின் விளிம்பைச் சீவிச் சீவியே துண்டு தீர்ந்திருக்கும். எக்ஸ்பிரஸ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். தான் அவ்வளவு மெதுவாக வேலை பார்த்ததற்கு வெட்கப்படுகிறவன் மாதிரி இருந்தான். அவனைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா சொல்லச் சொல்ல அந்த ரிப்போர்ட்டை நான் டைப் அடித்தேன். அன்றைக்கு என் விரல் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. எங்கள் லேபில் வேலை பார்ப்பதை அவ்வளவு பெருமையாக நான் நினைத்தது அன்றைக்குத்தான்.

மாத்திரை தொடர்ந்தது. சர்க்கரைக்கு ஊசி சேர்ந்தது. மிச்சமிருந்த மெழுகுக் கட்டியைத் தன் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மாவே வந்து வேன்காரம்மாவிடம் கேட்டார். இந்த அழற்சி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தால் அடுத்து வருகிறவர்களுக்குத் துண்டு எடுக்காமலேகூடச் சொல்லலாம் என்றார். வேன்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பேர் போடுவீங்களா என்று கேட்டார். பெயர் போடக்கூடாது, நம்பர்தான் என்றதும் கொஞ்சம் ஏமாந்தார். பிறகு, வண்டிக்கும் நம்பர்தானே, நம்பரை வைத்து என் வண்டியை ஊரே அடையாளம் சொல்கிறதே என்று தானே சமாதானம் செய்துகொண்டார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் தன் நரம்பு ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொன்னார். நரம்பு இல்லை அத்தை, ரத்தக்குழாய் என்று ரிப்பன் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோனாள்.

தலைவலி போன பிறகு, ஒரு விடுமுறை நாள் மத்தியானம் எக்ஸ்பிரஸைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். மகன் சமைத்திருந்தான். சோறு உதிரி உதிரியாக இருந்தது. இனிக் குழைய வேண்டிய அவசியம் இல்லை. வேன்காரம்மா ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றிப்பொட்டில் தையல் போட்ட தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. மாத்திரையால் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. மறுபடி ஸ்டியரிங் பிடிக்கக் கண் டாக்டர் அனுமதி இன்னும் வரவில்லை. மடியில் கடலை டப்பா இருந்தது. புதிதாக வறுத்தது. கரகரவென்று மென்றுகொண்டிருந்தார்.

"யாரு இது?" என்று கேட்டார்.

எக்ஸ்பிரஸ் தன்னைப் பற்றித் தானே ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தான். ரிப்பன் முந்திக்கொண்டாள்.

"உங்களோடத வெட்டினவர் அத்தை. நான் உங்க பேச்சைக் கேட்டுப் பழக்கத்தை மீறிக் கை வெச்சேன். வெச்சது சாஞ்சு போச்சு. நிமித்தி வெச்சு வெட்டினது இவர். எங்க லேப்லயே நல்ல கை இவரோடதுதான்."

எக்ஸ்பிரஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையாவது சொல்கிறாளோ என்று. யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. அவனை அவர் என்று அவள் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன்.

வேன்காரம்மா மருமகள் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தப்பை இப்படி நேராக ஒப்புக்கொள்கிற பெண் தன் வீட்டில் இருப்பதில் அவருக்குப் பெருமைதான் என்று முகத்தில் தெரிந்தது.

"கையைக் காட்டுப்பா," என்றார்.

அவன் கிட்டே போய்க் கையை நீட்டினான். அவர் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, திரை இறங்கிய கண்ணால் மட்டும் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரிப்பன் தண்ணீர் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கட்டைவிரல் ஓரத்துல என்ன, மயிரிழை மாதிரி ஒரு கோடு?"

அவன் விரலைத் தூக்கிப் பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிய பிறகுதான் தெரிந்தது.

"அன்னிக்குப் பிளேடு மாத்தும்போது பட்டதும்மா. ஆறிடுச்சு."

"ம். ஆறிடுச்சு," என்றார் வேன்காரம்மா. பொத்திய கையை எடுத்தார். மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, அந்தக் கை நிறைய, வழிய வழியக் கடலையைக் கொட்டினார்.